மாஸ்டர் சொல்லாத ஏழு பேர்ச்

எஹலியகொட டவுனில், ஜுனைதீன் முதலாளியின் இரும்புக் கடையில் ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுக்கிற நாகலிங்கத்தைப் பாலத்துத் தோட்டத்தில் யாரும் வெறும் நாகலிங்கம் என்று சொல்வதில்லை. மைக்கு நாகலிங்கம் என்றால்தான் தெரியும். கோயில் திருவிழாவுக்கு அறிவித்தல் சொல்ல வேண்டுமா, காணாமல் போன பசுமாட்டைத் தேட வேண்டுமா, சுகாதாரப் பரிசோதகர் வந்து சிங்களத்தில் திட்டுவதைத் தமிழில் கொஞ்சம் இதமாக எடுத்துச் சொல்ல வேண்டுமா, கூப்பிடு மைக்கை என்பார்கள். அவனும் சட்டைப் பையில் சீப்பைச் செருகிக்கொண்டு வந்துவிடுவான். மைக்கைக் கையில் பிடித்தால் அவனுக்குப் பசி எடுக்காது என்று அவன் மனைவி கிருஷ்ணகுமாரி சொல்லுவாள். பாராட்டிச் சொல்வதாக அவன் எடுத்துக்கொள்வான்.

தோட்டத்துக்குக் காகிதத்தில் வெலிஹேன என்று பெயர். உள்ளே போக ஆற்றின் மேல் இரும்புப் பாலம் ஒன்றைக் கடக்க வேண்டியிருப்பதால் நம் ஆட்களுக்கு அது பாலத்துத் தோட்டம். ரப்பர்க் காடு. நுவரெலியா பக்கம் மாதிரி மலைக்கு மலை நம்ம சனம் என்கிற தெம்பெல்லாம் இங்கே கிடையாது. சுற்றிலும் சிங்களக் கிராமம், நடுவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற நாலைந்து லயம். லயத்துக் கோடியில் நின்று தும்மினால் கிராமத்தில் கேட்கும். அதனால் எல்லாருக்கும் கொஞ்சம் சிங்களம் வரும். கடையில் பருப்பு வாங்கவும், பஸ்ஸில் சண்டை பிடிக்கவும், ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் அது போதும். மேடையில் பேசுகிற சிங்களம் வேறு. அது நாகலிங்கத்துக்குத்தான் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறதே என்று, ரப்பர் பால் வெட்டப் போகிற அவன் அப்பா அவனைக் கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார். அங்கே அவன் வாங்கிய அடிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மொழி நன்றாகவே வந்திருந்தது.

1999இல் மாகாண சபைத் தேர்தல் வந்தது. அதுவரைக்கும் வேட்பாளர் என்றால் கடைசி வாரத்தில் வான் ஒன்றில் வந்து, கையைக் கூப்பி, தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டில் ரெண்டு சாராயப் போத்தலை இறக்கிவிட்டுப் போகிறவர்தான். அந்த முறை பியதிலக்க மாஸ்டர் நின்றார். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளில் வந்தார். லயம் லயமாகப் போய்ப் பார்த்தார். கக்கூஸைக்கூட எட்டிப் பார்த்தார் என்று பெண்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். அவருக்குத் தமிழ் வணக்கத்தைத் தாண்டாது. தம் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நேரே இரும்புக் கடைக்கு வந்தார்.

“போய்ட்டு வாங்க நாகலிங்கம். பொய் பேசாத மனுஷன். இப்படி ஆள் இந்தத் தொழிலுக்கு வாறதே அபூர்வம்” என்றார் ஜுனைதீன் முதலாளி.

பாலத்தடிச் சந்தியில், லொறி ஒன்றின் பலகையை இறக்கி மேடை போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தோட்டத்துச் சனம் முன்னால் தரையில். கிராமத்து ஆட்கள் கடையோரமாக வெற்றிலை மென்றுகொண்டு, நாங்கள் சும்மா வந்தோம் என்கிற பாவனையில். மாஸ்டர் ஒரு விஷயத்தைச் சிங்களத்தில் சொல்லி நிறுத்துவார். நாகலிங்கம் அதைத் தமிழில் விடுவான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் மாகாண சபையின் பொறுப்பு, அதைப் பதினோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சை வரைக்கும் உயர்த்துவேன் என்றார். நாகலிங்கம் சொன்னான். கைதட்டு. தோட்டத்து டிஸ்பென்சரியை மாகாணச் சுகாதாரப் பகுதிக்குக் கீழே கொண்டுவந்து, தமிழ் தெரிந்த ஒருவரை அங்கே வைப்பேன் என்றார். நாகலிங்கம், “இனிமே வயித்து வலின்னு சொல்லி மண்டவலி மருந்து வாங்க வேண்டியதில்ல” என்று தன் பங்குக்கு உப்புப் போட்டுச் சொன்னான். பெரிய கைதட்டு. டவுனிலிருந்து பாலத்தைக் கடந்து தோட்டத்துக்குள் வந்து போக ஒரு பஸ்ஸுக்கு வழித்தட அனுமதி எடுப்பேன் என்றார். விசில் பறந்தது. நாகலிங்கத்துக்கு உடம்பெல்லாம் சூடு. அவ்வளவு பேரும் அவன் வாயைப் பார்க்கிறார்கள். அவன் வாயைத் திறந்தால் தட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாலாவதாக வீட்டு விஷயம் என்றார். லயத்தில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் அளவு காணியும் வீடும் வேண்டும் என்று கேட்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் இந்தக் காணி அரசாங்கத்தின் காணி, கம்பனிக்குக் குத்தகைக்குப் போய்விட்டது. மாகாண சபைக்கு அதில் கை வைக்க அதிகாரம் இல்லை. என்னால் முடியாது. தருகிறேன் என்று சொன்னால் அது பொய். பொய் சொல்லி வாங்குகிற வோட்டு எனக்கு வேண்டாம்.

சொல்லிவிட்டு நாகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

முன்வரிசையில் மூக்காயி அத்தை உட்கார்ந்திருந்தாள். நாகலிங்கத்துக்கு முறைக்கு அத்தை, லயத்தில் அடுத்த காம்பரா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பென்ஷன்காரி. கூரைத் தகரம் ஓட்டையாகி, மழைக்குப் படுக்கையை மூலைக்கு மூலை இழுக்கிறவள். கழுத்தை நீட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகலிங்கம் வாயைத் திறந்தான்.

“லயத்து ஆளுங்களுக்கு ஏழு பேர்ச்சும் வீடும் மாஸ்டர் கட்டாயம் எடுத்துத் தருவாரு. அவசரப்படாம கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றாரு.”

 அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், பாலமே கேட்டிருக்கும். மாஸ்டர் திகைத்துப் போனார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. லொறியை விட்டு இறங்கும்போது நாகலிங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, “மல்லி, என்ன மாதிரி மனுஷர்கள் இவர்கள்! முடியாது என்று சொன்னேன், அதற்கும் கை தட்டினார்களே” என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி. நாகலிங்கம் தலையை மட்டும் ஆட்டினான்.

ஏன் அப்படிச் சொன்னான்? அவனே தன்னைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போன கேள்வி இது. நல்ல மனுஷன் தோற்றுவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்று ஒரு நாள் நினைப்பான். தோட்டத்தின் மேல்பிரிவில் எதிர்க்கட்சிக்காரன் வீடு தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான், நாம் மட்டும் இல்லை என்றால் எடுபடுமா என்று இன்னொரு நாள். அத்தையின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை என்று வேறொரு நாள். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கைதட்டு நின்றுவிடுமே என்கிற பயத்தில்தான் சொன்னேன் என்று உள்ளுக்குள் ஒன்று முணுமுணுக்கும். அந்த நாளில் அவனுக்குச் சோறு இறங்காது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மாஸ்டர் வென்றார். வென்றவர் சும்மா இருந்திருந்தால் நாகலிங்கம் பிழைத்திருப்பான். எல்லா அரசியல்வாதியும் இப்படித்தான், சொல்வார்கள், செய்யமாட்டார்கள் என்று சனம் காறித் துப்பிவிட்டு வீட்டையும் மறந்திருக்கும். ஆனால் மாஸ்டர் சொன்னதையெல்லாம் செய்தார். மறு வருஷமே பஸ் வந்தது. பாலத்தில் நிறுத்தித் தேங்காய் உடைத்து உள்ளே விட்டார்கள். டிஸ்பென்சரிக்குப் பதுளைப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தது. பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொன்று வரும்போதும் லயத்தில் ஒரே பேச்சுதான். “பஸ்ஸு தர்றேன்னாரு, தந்தாரு. பள்ளிக்கூடம் தர்றேன்னாரு, தந்தாரு. இனி வீடுதான்.” மாஸ்டரின் நேர்மை நாகலிங்கத்தின் பொய்க்குப் பிணை நின்றது.

போதாததற்கு, மாஸ்டர் அந்தக் கைதட்டை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் கதவுப் பிணைச்சல் வாங்கக் கடைக்கு வந்தவர், ஜுனைதீன் முதலாளியிடம் அதையே எடுத்தார். “முதலாளி, படித்தவன் என்ன படித்தவன்! தோட்டத்து மனுஷரிடம் உண்மையைச் சொன்னால் தாங்கிக்கொள்கிறார்கள். இதோ, இந்த மல்லிதான் சாட்சி.” முதலாளி பெருமையாக நாகலிங்கத்தைப் பார்த்தார். இந்த நேரம் சொல்லிவிடு, இந்த நேரம் சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நாகலிங்கம் பிணைச்சலைத் தாளில் சுற்றி நீட்டிவிட்டு, பின்கட்டுக்குப் போய், ஏற்கனவே நிறுத்துக் கட்டியிருந்த ஆணியை அவிழ்த்து மறுபடி நிறுத்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வாய் தவறிய பொய் என்று மாரியம்மன் மன்னித்திருப்பாள். பஸ் வந்த அந்த வருஷத்திலேயே ஒரு காலையில் அத்தை வந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தாளே, அதற்குத்தான் மன்னிப்பில்லை.

மூக்காயி அத்தை தோட்ட வேலை போக மீதி நேரத்தில், கிராமத்தில் லீலாவதி நோனா வீட்டில் கூட்டிப் பெருக்கி, பாத்திரம் தேய்த்து வந்தவள். இள வயசிலிருந்தே அந்த வீடுதான்.

“மருமகனே, ஒரு யோசன கேக்கணும். நோனா அவங்க வேலியோரம் ஒரு துண்டுக் காணி எனக்குத் தர்றேங்குறாங்க. இத்தன காலம் வேல செஞ்சே, சும்மாவே எடுத்துக்கோ, ஒரு வீட்டப் போட்டுக்கோங்குறாங்க. கொழும்புல இருக்குற மகன் வந்தா விடமாட்டான், அதுக்குள்ள எழுதிப்புடலாமாம்.”

“நல்ல விசயந்தானேத்த.”

“நல்லதுதான். ஆனா எனக்குக் கிராமத்துல காணி இருக்குன்னு தெரிஞ்சா, மாஸ்டர் ஏழு பேர்ச்சு குடுக்குறப்ப எம் பேர வெட்டிருவாங்கல்ல? அங்க தனியாக் கெடக்குறதுக்கு, இங்க நம்ம சனத்தோட ஒரு வீடு கெடச்சா எம்புட்டு நல்லது. நீதான் மாஸ்டர்கூடவே பேசுறவன். நீ சொல்லு, எடுக்கவா, விடவா?”

நாகலிங்கம் சுற்றி வளைத்து உண்மைக்கு வரலாம் என்று பார்த்தான். “அத்த, அன்னைக்குக் கூட்டத்துல மாஸ்டர் சிங்களத்துல சொன்னது ஒங்களுக்கு வெளங்குச்சா?”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“வெளங்காம? ‘மட்ட பே’ன்னாரு. ஆயுசு முழுக்க நோனா வீட்டுல கெடந்தவளுக்கு, முடியாதுன்னா என்னான்னு தெரியாதா? கடையோரம் கிராமத்தாளுங்க நின்னாங்கல்ல மருமகனே. தோட்டத்தானுக்குக் காணி தர்றேன்னு அவங்க காது கேக்கச் சொன்னா, அவருக்குக் கிராமத்துல ஒரு வோட்டு விழுமா? அதான் அவங்களுக்காகச் சிங்களத்துல இல்லைன்னுட்டு, நமக்குள்ளத ஒங்கிட்டச் சொல்லி வச்சு, தமிழ்ல சொல்ல விட்டாரு. நம்ம லயத்துல எல்லாருக்கும் இது தெரியும். வெளிய மூச்சு விட மாட்டோம்.”

நாகலிங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிங்களம் சரியாக விளங்காததால் தான் சொன்னதை நம்பியிருக்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தான். அப்படியில்லை. மாஸ்டர் சொன்னதும் கேட்டிருக்கிறது, அவன் சொன்னதும் கேட்டிருக்கிறது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, மாஸ்டரின் உண்மையைப் பொய் என்றும், நாகலிங்கத்தின் பொய்யை உண்மை என்றும் முடிவு கட்டியிருக்கிறார்கள். ஏனென்றால் அவன் நம்ம ஆள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் பல்லுக்குள் நாக்கு மாதிரி வாழ்ந்து பழகிய சனத்துக்கு, மேடையில் ஒன்று சொல்லி உள்ளுக்குள் ஒன்று பேசி முடிப்பதுதான் நடைமுறையாகத் தெரியும். வேறு ஊர்ச் சனமாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்காது.

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் பக்கத்தில் இல்லை. அத்தை கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். காணி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஒரு வார்த்தை, எடுத்துக்கோங்க என்கிற ஒரே ஒரு வார்த்தை போதும். உண்மையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எடுத்துக்கோங்க என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் மாஸ்டர் தர மாட்டாரா என்பாள். அது லயம் முழுக்கப் பரவும். மைக்கு நாகலிங்கம் பொய்க்காரன் ஆவான்.

“அவசரப்படாதீங்கத்த. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்” என்றான்.

பொறுத்துப் பார்த்தாள். நோனாவின் மகன் கொழும்பிலிருந்து வந்து, வேலியோரத்துத் துண்டையும் சேர்த்து ரம்புட்டான் கன்று வைத்தான். அத்தை அந்தப் பக்கம் போகும்போது, நல்லாக் காய்க்கும் போலிருக்கே என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு அதில் கவலையே இருக்கவில்லை. வீடு வருகிறதே.

2003 மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தையே மழை புரட்டிப் போட்டதே, அந்த மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து வந்து அத்தையின் காம்பராச் சுவரைத் தள்ளியது. அவள் முன்வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்ததால் உயிர் தப்பினாள். மூன்று குடும்பத்தைப் பிள்ளை மடுவத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பகலில் தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. மற்ற இரண்டு குடும்பமும் சொந்தக்காரர் வீடு தேடிப் போய்விட்டது. அத்தை மட்டும் அங்கேயே இருந்தாள். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் பாயையும் சட்டி பானையையும் சுருட்டி மூலைக்கு ஒதுக்கிவிட வேண்டும். பின்னேரம் பிள்ளைகள் மூத்திரம் பெய்த தரையைக் கழுவி, அது காயாமலே பாய் விரிக்க வேண்டும். சீமெந்துக் குளிர் நெஞ்சுக்குள் இறங்கி, இழுப்பு வந்துவிட்டது. மடுவத்தைக் கடந்து கடைக்குப் போகிற ஒவ்வொரு காலையும் அந்த இருமல் நாகலிங்கத்தின் முதுகில் விழும். நான்தான் இதைச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு நடப்பான். நினைத்துக்கொண்டு நடந்தானே தவிர, நின்று உள்ளே போகவில்லை.

அத்தையின் மகள் தனுஜா கல்யாணம் கட்டி வரக்காப்பொலையில் இருந்தாள். புருஷனுக்குப் பேக்கரியில் வேலை. வாடகை வீடுதான், ஆனாலும் அம்மாவுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருந்தாள். எத்தனையோ தடவை வந்து கூப்பிட்டாள்.

“நான் அங்க வந்து ஒக்காந்துக்கிட்டா, வீடு குடுக்குறப்ப ஆளு இல்லைன்னு எழுதிருவாங்கடி. வீட்ட எடுத்து ஒனக்குத்தான் குடுக்கப் போறேன். கொஞ்சம் பொறு” என்பாள் அத்தை, மூச்சு வாங்கிக்கொண்டு.

2004இல் மறுபடியும் மாகாண சபைத் தேர்தல். மாஸ்டர் மறுபடியும் நின்றார். மறுபடியும் பாலத்தடிச் சந்தி, மறுபடியும் லொறி. இந்த முறை உண்மையைச் சொல்லியே தீர்வது என்று நாகலிங்கம் முடிவு செய்திருந்தான். அடித்தாலும் சரி, செருப்பு வந்தாலும் சரி. கிருஷ்ணகுமாரியிடம்கூடச் சொல்லவில்லை, கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தான்.

தமிழ் ஆசிரியர் நியமனம் பற்றி மாஸ்டர் பேசினார். ஆற்று வெள்ளத்துக்குத் தடுப்புச் சுவர் பற்றிப் பேசினார். பிறகு, அந்த மனுஷன் மறக்கவே மாட்டாரே, வீட்டுக்கு வந்தார். “போன முறை சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். காணி என் கையில் இல்லை. மேலே எழுதிப் பார்த்தேன், நடக்கவில்லை. என்னால் முடியாது.”

நாகலிங்கம் மைக்கை இறுக்கிப் பிடித்தான்.

“வீடும் காணியும் தன்னால தர முடியாதுங்குறாரு. அது மாகாண சபை கையில இல்லையாம். தர்றேன்னு சொன்னாப் பொய்யாம்.”

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. கடையோரம் இந்த முறை கிராமத்து ஆட்களோடு, எதிர்க்கட்சிக்கு வேலை செய்கிற மேல்பிரிவுத் தமிழாட்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் ஒரு முறை போய் வந்தது. பின்னால் யாரோ தட்டத் தொடங்கினான். அவ்வளவுதான், எல்லாரும் தட்டினார்கள்.

“இல்ல, கேளுங்க! நெசமாவே முடியாதுங்குறாரு. போன தடவையும் முடியாதுன்னுதான் சொன்னாரு!” நாகலிங்கத்தின் குரல் உடைந்தது.

“வெளங்குதுண்ணே, வெளங்குது! நீங்க சொல்லுங்க!” என்று கத்தினான் கஜேந்திரன், பால் நிறுக்கிற இடத்தில் வேலை செய்கிறவன். சிரிப்பும் விசிலும் கிளம்பியது. மேல்பிரிவான் காதில் விழக்கூடாது என்பதற்காக மைக்கு இந்த முறை தமிழிலும் மறைக்கிறான் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டதாம். முன்வரிசையில் மூக்காயி அத்தை இருமிக்கொண்டே தட்டினாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “பார்த்தாயா மல்லி, பார்த்தாயா” என்றார்.

கூட்டம் கலைந்ததும் நாகலிங்கம் லொறியில் ஏறாமல் நேரே பிள்ளை மடுவத்துக்கு நடந்தான். அன்றைக்கும் தனுஜா அம்மாவைக் கூப்பிட வந்திருந்தாள், வாசலில் தலை வாரிக்கொண்டிருந்தாள். அத்தை அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டே, “வா மருமகனே, இன்னைக்கு நல்லாச் சமாளிச்ச” என்றாள்.

“அத்த, வீடு இல்ல.”

“ஆமா ஆமா, இல்ல.” கண்ணைச் சிமிட்டினாள்.

“வெளையாட்டு இல்லத்த. இங்க மைக்கு இல்ல, கிராமத்தாளு இல்ல, மேல்பிரிவானும் இல்ல. மாஸ்டர் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லி வைக்கல. அவரு முடியாதுன்னாரு. நானா, என் வாய்க்கு வந்ததச் சொல்லிப்புட்டேன். மொதல் தடவையே.”

அத்தை அவன் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். “மாரியாத்தா மேல சத்தியமா?”

“சத்தியமாத்த.”

கேத்தல் கொதித்து மூடி ஆடியது. அவள் இறக்கவில்லை.

“நோனா காணி தர்றேங்குறாங்க, எடுக்கவான்னு ஒங்கிட்ட வந்து கேட்டேனே. அப்பவும் ஒனக்குத் தெரியுமா?”

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. நாகலிங்கம் தரையைப் பார்த்தான். “தெரியும்.”

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. விளக்குமாற்றை எடுத்து நாலு போடு போட்டிருந்தால், அவன் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். அத்தை கேத்தலை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு, இழுப்பு அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். தனுஜாதான், “என்னம்மா இது, என்ன சொல்றாரு இவரு?” என்று எழுந்து வந்தாள். அத்தை கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

“வேற யாருக்குச் சொன்ன?”

“யாருக்கும் இல்ல. நாளைக்குக் கோயிலடியில எல்லாரையும் கூப்பிட்டு, மைக்கு இல்லாமச் சொல்லப் போறேன்.”

“சொல்லாத.”

“அத்த?”

“வோட்டு வருது. இதக் கேட்டா ஒரு பய அந்த மனுசனுக்குப் போடமாட்டான். நீ செஞ்சதுக்கு அவரத் திட்டுவானுக. வேற எவனாவது வந்தான்னா, பெரிய வகுப்புக்கு வாத்தியார அனுப்புவானா? கஜேந்திரன் மவ வர்ற வருசம் ஓ.எல். எழுதுது.”

“வோட்டு முடிஞ்ச பொறகாவது...”

“அப்பவும் பள்ளிக்கூடம் இருக்கும்ல?” என்றாள் அத்தை. அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு மகளிடம் திரும்பினாள். “தனுஜா, என் துணிமணியக் கட்டு. காலையில ஒன்னோட வர்றேன்.”

மறுநாள் காலை நாகலிங்கம் அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தான். அத்தை தூக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தூக்கு என்றும் சொல்லவில்லை. பஸ் திரும்பி நின்றது. பால் வாளிகளோடு வந்த பெண்கள் பெட்டியைக் கண்டதும் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்னத்தே இது? வீடு குடுக்கப்போற நேரம் பாத்தா கெளம்புறீங்க?”

அத்தை படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“மருந்தெடுக்கத்தான் போறேன். வீடு குடுக்குறப்ப மருமகன் சொல்லியனுப்புவான். வந்துருவேன்.”

தனுஜா தாயை ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். பஸ் பாலத்தைக் கடந்து திருப்பத்தில் மறைந்தது. பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார்கள்.

“பாவம், மறந்துறாமச் சொல்லியனுப்புங்கண்ணே” என்றாள் ஒருத்தி.

“சொல்றேன்” என்றான் நாகலிங்கம்.